வார்த்தையே இல்லாத அணுகுண்டுக் கதை: மரக்கட்டையில செதுக்கின 118 படங்களை எப்படிப் புரிஞ்சுக்கிறது

கடலுக்கு நடுவுல ராட்சசத்தனமா எழும்புற தண்ணித்தூண், அது உச்சியில விரியுற மேகம், அடியில துளித்துளியா கப்பலுங்க, முன்னாடி கரையில தென்னை மரம். இந்த ஃபோட்டோவ நீங்களும் எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. 1946 ஜூலை 25ஆம் தேதி, பசிபிக் கடல்ல மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினில அமெரிக்கா அணுகுண்டு வெடிச்சுப் பாத்தப்ப எடுத்தது. அந்தப் படத்துல ஒரு மனுஷன் கூட தெரிய மாட்டான். அதனாலயோ என்னவோ, "ஆளே இல்லாத தீவுல வெடிச்சுப் பாத்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட ஆழமா ஒட்டிக்கிச்சு.

இந்த நெனப்பை ஒருத்தர் மரக்கட்டையில செதுக்கியே எதிர்த்தாரு. அந்தப் புத்தகத்தைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அதப் பத்திப் பேசுறவங்க பல பேர் படப் புத்தகம்னதும் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்னு நெனச்சுக்கிறாங்க, இல்லன்னா பிகினில நடந்த உண்மைச் சம்பவத்தை அப்படியே வரைஞ்சு வச்சதுன்னு சொல்றாங்க, ரெண்டும் சரியில்ல, அதனால அடியில இருந்து பாத்துட்டு வந்துடுவோம்.

மொதல்ல, இது என்ன புத்தகம்

பேரு "சதர்ன் கிராஸ்". 1951ல வந்துச்சு. செஞ்சவர் லாரன்ஸ் ஹைட், இங்கிலாந்துல பொறந்து சின்ன வயசுலயே கனடாவுக்குப் போனவர், அங்க நேஷனல் ஃபிலிம் போர்டுங்கற அரசாங்கப் பட நிறுவனத்துல வேலை பாத்தவர். பிகினி சோதனைகள் மேல அவருக்கு இருந்த கோவம்தான் இந்தப் புத்தகமா ஆச்சு. மொத்தம் 118 படம். கதைக்குள்ள ஒரு எழுத்து கூட கிடையாது.

கதை இதுதான். பசிபிக்ல ஒரு தீவு, மீன் பிடிச்சு வாழுற ஜனங்க. அமெரிக்கக் கடற்படை வந்து இறங்குது, இங்க குண்டு சோதனை பண்ணப் போறோம் எல்லாரும் கிளம்புங்கன்னு ஊரையே காலி பண்ண வைக்குது. அந்த நேரத்துல குடிச்சிருந்த மாலுமி ஒருத்தன் ஒரு மீனவனோட மனைவிகிட்ட பலாத்காரமா நடந்துக்கப் பாக்குறான், மீனவன் அவனைக் கொன்னுடுறான், கொன்னுட்டு மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிறான். மத்தவங்கள எல்லாம் கப்பல்ல ஏத்திட்டுப் போயிடுறாங்க. இந்த மூணு பேரு மட்டும் தீவுலயே இருக்காங்க. குண்டு வெடிக்குது. அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிடுறாங்க, குழந்தை மட்டும் மிஞ்சுது.

கருப்புல இருந்து ஆரம்பிக்குற வேலை

மரத்துல செதுக்கி அச்சடிக்குறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் நாம ஒண்ணா சேத்து மரச்செதுக்குன்னு சொல்லிடுறோம். ஆனா இந்தப் புத்தகம் புரியணும்னா அந்த வித்தியாசம் தெரிஞ்சே ஆகணும்.

அடிப்படை ரெண்டுக்கும் ஒண்ணுதான். கட்டையோட மேல் பரப்புல மை தடவணும், பேப்பரை வச்சு அழுத்தணும். மேடா இருக்குற இடம் கருப்பா விழும், செதுக்கி எடுத்த பள்ளம் வெள்ளையா நிக்கும். ஆபீஸ்ல அடிக்குற ரப்பர் ஸ்டாம்ப் வேலை செய்யுறதும் இப்படித்தான்.

மரத்தை நீளவாக்குல அறுத்த பலகையில கத்தியும் உளியும் வச்சு செதுக்குறது உட்கட். அதுல நார் ஒரே பக்கமா ஓடும், நாருக்குக் குறுக்க வெட்டினா பிசிறு வரும், அதனால கோடு கொஞ்சம் முரட்டுத்தனமா, தடியா இருக்கும். இன்னொண்ணு உட் எங்கிரேவிங். இதுல மரத்தைக் குறுக்கால அறுத்து, அந்த வெட்டு முகத்துல வேலை செய்வாங்க. அங்க நாரோட நுனிங்க மட்டும்தான் மேல பாத்து நிக்கும், எந்தத் திசையில வேணா கோடு இழுக்கலாம், முடி மாதிரி மெல்லிசான கோடு கூட வரும். இதுக்கு பாக்ஸ்வுட் மாதிரி கெட்டியான மரம் வேணும், அந்த மரம் பெருசா வளராது, அதனால கட்டையும் சின்னதுதான், பெரிய படம் வேணும்னா சின்னச் சின்ன கட்டைகளை ஒட்டித்தான் சேக்கணும்.

வேலை நடக்குற விதத்தைக் கிட்ட இருந்து பாத்தா ஆச்சரியமா இருக்கும். மணல் அடைச்ச ஒரு சின்னத் தோல் மெத்தை மேல கட்டையை வைப்பாங்க. பியூரின்னு ஒரு மெல்லிய எஃகுக் கருவி, அதோட பிடி உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். வளைவா கோடு வரணும்னா கருவியத் திருப்ப மாட்டாங்க, கருவி பிடிச்ச கை நின்ன இடத்துலயே முன்னாடி தள்ளிக்கிட்டு இருக்கும், இன்னொரு கை கட்டையை மெத்தை மேல மெதுவா சுத்தும். ஹைட் படங்கள்ல கடல் அலை, ஓலை, புகை எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு ஓடுற கோடா இருக்கும், எங்கிரேவிங்ல அவ்வளவு வளைவு சாதாரணமா பாக்க முடியாது. ஒவ்வொரு வளைவுக்கும் கட்டை அப்படி சுத்தியிருக்கணும்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கங்களைப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சிலேட்டுல பல்பத்தால எழுதுற மாதிரிதான் இது. சிலேட்டு மொதல்லயே கருப்பு, நீங்க இழுக்குற ஒவ்வொரு கோடும் வெள்ளை. செதுக்காத கட்டைக்கு அப்படியே மை பூசி அடிச்சா பக்கம் முழுக்க கருப்பாத்தான் வரும். ஒவ்வொரு கீறலுக்கும் கொஞ்சம் வெளிச்சம் உள்ள வரும். ஒரே வித்தியாசம், சிலேட்டை எச்சில் தொட்டு அழிச்சுடலாம், கட்டையில ஒரு தடவ கீறிட்டா கீறினதுதான்.

சுருக்கமா இதுவரைக்கும்: உட் எங்கிரேவிங்ல கலைஞன் கருப்பை வரையுறதில்ல, வெளிச்சத்தைத்தான் வெட்டி எடுக்குறான். இந்த வழியில ஒருத்தர் அணுகுண்டோட வெளிச்சத்தைக் காட்டணும்னா கட்டையில இருக்குற மரத்தையே அழிச்சாகணும். இந்தப் பொருளுக்கு இந்த வழிதான் சரின்னு எனக்குத் தோணுறதுக்கு அதுதான் காரணம்.

ஏன் ஒரு வார்த்தை கூட இல்ல

இது ஹைட் கண்டுபிடிச்ச வடிவம் இல்ல. மொதல் உலகப்போர் முடியுற காலத்துல பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் மசரீல் படங்களை மட்டும் அடுக்கி நாவல் மாதிரி கதை சொல்ல ஆரம்பிச்சாரு, அப்புறம் அமெரிக்காவுல லிண்ட் வார்ட் அதை எங்கிரேவிங்ல கொண்டு போனாரு. சொல்லில்லா நாவல்னு இதுக்குப் பேரு வச்சுக்கலாம், அதாவது எழுத்தே இல்லாம தொடர் படங்களாலயே ஒரு முழுக் கதை. 1920லயும் 30லயும் ஓஹோன்னு இருந்துச்சு, 40கள்ல அதுல பேர் வாங்கினவங்களே விட்டுட்டாங்க. ஹைட் எடுத்தப்ப அது கிட்டத்தட்ட முடிஞ்சுபோன சங்கதி.

அப்படியும் ஏன் அதையே எடுத்தாருன்னு யோசிச்சா, பிகினில வார்த்தைங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்தாலே போதும்.

1946 பிப்ரவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சப்புறம், அமெரிக்க ராணுவ ஆளுநர் கமடோர் பென் வயட் பிகினி ஜனங்களை உக்கார வச்சுப் பேசினாரு. மனித குலத்தோட நன்மைக்காக, உலகப்போருங்க எல்லாத்துக்கும் முடிவு கட்டுறதுக்காக, உங்க தீவை தற்காலிகமா விட்டுக்கொடுக்க முடியுமான்னு கேட்டாரு. அவங்க தலைவர் ஜூடா, எல்லாம் கடவுள் கையில இருக்குன்னு பதில் சொன்னாரு. அப்புறம் கேமரா வந்துச்சு. அதே பேச்சையும் அதே பதிலையும் ஷூட்டிங்குக்காகத் திரும்ப நடிக்க வச்சாங்க, டேக்குக்கு மேல டேக் எடுத்தாங்க. ஊரைவிட்டுப் போகப்போற ஒரு மனுஷன் தன்னோட சம்மதத்தை கேமரா முன்னாடி திரும்பத் திரும்ப சொல்லணும்! உலகப்போர்ல ஜப்பானைத் தோக்கடிச்சு அந்தத் தீவுகளையே கையில வச்சிருந்த ராணுவம் வந்து கேக்குறப்ப அது எவ்வளவு தூரம் சம்மதம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அரசாங்கத்தோட கதையில வார்த்தை நிறையவே இருந்துச்சு, அதுவும் அழகழகான வார்த்தைங்க. அதுக்குப் பதில் சொல்ல வந்த புத்தகம் வாயே திறக்காம இருக்குறது சரியான முடிவுன்னுதான் நான் நெனைக்குறேன்.

நெஜத்துல பிகினில என்ன நடந்துச்சு

பிகினிங்கறது ஒரே தீவு இல்ல, ஒரு அட்டால். அட்டால்னா கடலுக்கு நடுவுல வளையமா அமைஞ்ச பவளத் திட்டுங்க, நடுவுல ஆழம் கம்மியான அமைதியான கடல், அதுக்கு லகூன்னு பேரு. பிகினில 23 சின்னத் தீவு. மீன் லகூன்ல, தேங்காய் கரையில, போக்குவரத்துக்கு தோணி, இதுதான் வாழ்க்கை.

1946 மார்ச்ல 167 பேரைக் கப்பல்ல ஏத்தி ரோங்கெரிக்னு இன்னொரு அட்டால்ல இறக்கிவிட்டாங்க. அது பிகினியவிட ரொம்பச் சின்னது, யாரும் குடியிருக்காத இடம், தென்னை சரியா காய்க்கல, மீன்லயும் சிலது விஷம். 1948 ஆரம்பத்துல பட்டினியில நலிஞ்சு போய்ட்டாங்க. அங்க இருந்து குவாஜலீன் ராணுவத் தளத்துல ரன்வே பக்கத்துல கூடாரம், அப்புறம் அந்த வருஷ கடைசியில கிலின்னு ஒரு ஒத்தைத் தீவு. கிலில லகூனே கிடையாது, சுத்தியும் திறந்த கடல், வருஷத்துல பல மாசம் அலை அடிக்குற அடியில தோணிய இறக்கவே முடியாது. தலைமுறை தலைமுறையா கடலோட வாழ்ந்தவங்க டின் மீனை எதிர்பாத்து உக்காரும்படி ஆச்சு.

அவங்க போன பிறகு ஜூலைல ரெண்டு குண்டு. மொதல் குண்டு ஏபிள், ஜூலை 1, விமானத்துல இருந்து போட்டது, வானத்துலயே வெடிச்சுது. ரெண்டாவது பேக்கர், ஜூலை 25, தண்ணிக்கு அடியில வெடிச்சது, ஆரம்பத்துல சொன்ன ஃபோட்டோ அதோடதுதான். லகூன்ல 90க்கும் மேல பழைய போர்க்கப்பலுங்களை குறியா நிறுத்தி வச்சிருந்தாங்க, சிலதுல ஆடு, பன்னி, எலியெல்லாம் ஏத்தி வச்சிருந்தாங்க.

ஆக, சுருக்கமா: அந்த ரெண்டு குண்டு வெடிச்சதுல தீவுவாசிங்க யாரும் நேரடியா சாகல. புத்தகத்துல வர்ற மாதிரி ஒளிஞ்சிருந்த குடும்பம்னு பிகினில கிடையாது, அது ஹைட்டோட கற்பனை. பிகினி ஜனங்களுக்கு அப்ப நடந்த கெடுதல் வேற மாதிரி, மெதுவா, பசியா, ஊரில்லாத வாழ்க்கையா நடந்துச்சு.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

அணுகுண்டுன்னா பெரிய வெடின்னு மட்டும் நெனைக்குறதுதான் அடுத்த குழப்பம். வெடி ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். யுரேனியம், புளூட்டோனியம் மாதிரி கனமான அணுக்களோட கரு உடையுறப்ப சக்தி வருது, அதுதான் வெடி. ஆனா உடைஞ்ச துண்டுங்க சும்மா இருக்காது, அதுங்க நிலையில்லாத அணுக்கள், அமைதியாகுற வரைக்கும் கதிர்களை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் குணத்துக்குப் பேருதான் கதிரியக்கம். சிலது சில நாள்ல அடங்கும், சிலதுக்குப் பல பத்து வருஷம் ஆகும்.

பேக்கர் வெடிச்சப்புறம் லகூன்ல பிடிச்ச ஒரு மீனை விஞ்ஞானிங்க இருட்டுல ஃபோட்டோ ஃபிலிம் மேல வச்சாங்க. லைட் இல்ல, கேமரா இல்ல. மீன் உடம்புக்குள்ள இருந்து வந்த கதிரே ஃபிலிம்ல பதிஞ்சு அந்த மீனோட உருவத்தைக் காட்டுச்சு, எந்த உறுப்புல அதிகம் சேந்திருக்கோ அந்த இடம் பளிச்சுன்னு. உசுரோட இருந்த மீன், பாக்குறதுக்கு எந்தக் குறையும் இல்ல. குண்டு வச்சவங்க எடுத்த எல்லாப் படத்துலயும் இதுதான் உண்மையச் சொன்ன படம்னு நான் சொல்லுவேன்.

கப்பலுங்களும் அதே கதைதான். பேக்கர்ல கிளம்பின கதிரியக்கத் தண்ணி கப்பலுங்க மேலயே கொட்டுச்சு. மாலுமிங்க சோப்பு போட்டுத் தேய்ச்சாங்க, தண்ணி அடிச்சாங்க, பெயின்ட்டைச் சுரண்டினாங்க, போகவே இல்ல. திட்டம் போட்டிருந்த மூணாவது குண்டை அதோட ரத்து பண்ணிட்டாங்க.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும், கதிர்த்தூசி. குண்டு தரைக்குப் பக்கத்துல வெடிச்சா நெருப்புக் கோளம் மண்ணையும் பவளத்தையும் பொடியாக்கி மேல உறிஞ்சும், உடைஞ்ச அணுத்துண்டுங்க அந்தப் பொடியில ஒட்டிக்கும், காத்து அடிக்குற பக்கமா நகந்து வேற எங்கயோ கீழ விழும். ஏபிள் வானத்துல வெடிச்சதால அது அவ்வளவா தரையை உறிஞ்சல. எந்த உயரத்துல வெடிக்குதுங்கறது அவ்வளவு முக்கியம்.

புத்தகம் வந்து மூணு வருஷம் கழிச்சு

1954 மார்ச் 1, அதே பிகினில தரையோட ஒட்டி பிராவோன்னு ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடிச்சாங்க. ஆறு மெகாடன் அளவுக்குத்தான் இருக்கும்னு கணக்குப் போட்டிருந்தாங்க, வந்தது 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவுல போட்டதைப் போல சுமார் ஆயிரம் மடங்கு. பவளம் பொடிப்பொடியா மேல போச்சு, காத்து கிழக்குப் பக்கமா அடிச்சுது.

அங்க சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ரோங்கெலாப் அட்டால், ஜனங்க சாதாரணமா வாழ்ந்துக்கிட்டு இருந்த இடம். அவங்கள யாரும் கிளம்பச் சொல்லல. சில மணி நேரத்துல வானத்துல இருந்து வெள்ளைப் பொடி விழ ஆரம்பிச்சுது, என்னன்னே தெரியாம பிள்ளைங்க அதுல விளையாடினாங்க, குடிக்குற தண்ணிலயும் சாப்பாட்டுலயும் விழுந்துச்சு. அன்னிக்கே வாந்தி, தோல் எரிச்சல், அப்புறம் புண்ணு, கொத்துக் கொத்தா முடி உதிர்றது. பக்கத்துல ரோங்கெரிக்ல வானிலை பாக்குற வேலையில இருந்த 28 அமெரிக்க வீரர்களை மறுநாள் எடுத்துட்டுப் போனாங்க, ரோங்கெலாப் ஜனங்களுக்கு கப்பல் வந்தது அதுக்கும் அடுத்த நாள். அந்த ரோங்கெரிக்தான் பிகினி ஜனங்களைப் பத்திரமா வைக்குறோம்னு கொண்டு போய் விட்ட எடம், அவங்க அங்கயே இருந்திருந்தா இந்தத் தூசியும் அவங்க மேலதான் விழுந்திருக்கும்.

அதே பொடி ஜப்பான்காரங்களோட ஒரு மீன்பிடிப் படகு மேலயும் விழுந்துச்சு, அதுல 23 பேர். படகுல ரேடியோ ஆபரேட்டரா இருந்த குபோயாமா அந்த வருஷம் செப்டம்பர்ல இறந்துட்டாரு. "சாவுச் சாம்பல்"னு ஜப்பான்ல அந்தப் பொடிக்குப் பேரு வச்சாங்க.

இப்ப தேதிய கவனிங்க. புத்தகம் 1951, பிராவோ 1954. ஹைட் பிராவோவப் பாத்துட்டு செதுக்கல. 1946ல நடந்ததை வச்சு, எப்படியும் யாராவது விட்டுப்போவாங்க, அந்த விட்டுப்போனவங்களுக்கு என்ன ஆகும்னு அவர் யோசிச்சாரு. அந்தக் கற்பனையில வந்த மாலுமியும் கொலையும் காட்டுல ஒளியுறதும் நடக்கல. ஆனா காலி பண்ணிட்டோம்னு கணக்குல எழுதுனப்புறமும் குண்டோட எல்லைக்குள்ள மனுஷங்க இருந்தாங்கங்கறது நடந்துச்சு.

மார்ஷல் தீவு ஜனங்க சும்மா இருக்கல. 1954 ஏப்ரல்லயே ஐநா சபைக்கு மனு எழுதி, சோதனையை நிறுத்துங்க, நிலம் எங்களுக்கு வெறும் இடம் இல்லன்னு கேட்டாங்க. அதே மாசம் நேரு நம்ம பார்லிமென்ட்ல, ஒப்பந்தம் வர்ற வரைக்கும் எல்லா நாடும் சோதனையையாவது நிறுத்தி வைக்கணும்னு சொன்னாரு. 1962ல நம்ம ராஜாஜி 83 வயசுல அமெரிக்கா போய், இதையே கென்னடிகிட்ட நேர்ல பேசினாரு. நம்ம ஊர்ல ராஜாஜியைப் பத்தி எவ்வளவோ விவாதம் ஓடுது, இந்தப் பயணத்தை மட்டும் ஏனோ யாரும் பேசுறதே இல்ல. ராஜாஜி போறதுக்கு முன்னாடியே, 1958ல, மார்ஷல் தீவுகள்ல சோதனை நின்னுடுச்சு, ஆனா அதுக்குள்ள மொத்தம் 67 குண்டு, பிகினில மட்டும் 23.

அப்புறம் ஏன் திரும்பிப் போகல

வெடிச்சு முடிஞ்சுதே, போய்க் குடியேற வேண்டியதுதானேன்னு கேக்கலாம். 1970கள்ல பிகினில சில குடும்பங்க திரும்பிப் போனாங்க, இனி பயமில்லன்னு அமெரிக்க அரசாங்கமே சொல்லி அனுப்புச்சு. அங்கதான் சீசியம்-137 வேலையைக் காட்டுச்சு. அது பாதியா குறையவே 30 வருஷம் ஆகுற கதிரியக்கப் பொருள். வேதியியல் குணத்துல பொட்டாசியம் மாதிரி இருக்கும். பவள மண்ணுல பொட்டாசியம் ரொம்பக் கம்மி, அதனால தென்னை வேரு பொட்டாசியம்னு நெனச்சு சீசியத்தை இழுத்துக்குது, இளநீர்ல வருது, தேங்காய்ல வருது. சாப்பிட்டவங்க உடம்புல ஏறினது அளந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, 1978ல மறுபடியும் எல்லாரையும் கிளப்பிட்டாங்க. தென்னைய நம்பி வாழ்ற ஜனத்துக்கு தேங்காய் சாப்பிடாதன்னா அந்த ஊருல எப்படி இருக்குறது?

ரோங்கெலாப்லயும் அதேதான், 1957ல திருப்பிக் குடியேத்தினாங்க, தைராய்டு கட்டியும் நோயும் பாத்துப் பயந்து 1985ல அவங்களே ஊரைவிட்டுக் கிளம்பினாங்க, கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்போட கப்பல் வந்து ஏத்திட்டுப் போச்சு.

படிக்கப் போறவங்களுக்கு

ரொம்ப வருஷம் கிடைக்காம இருந்த புத்தகம் 2007ல கனடாவுல மறுபதிப்பா வந்துச்சு. மொதல் தடவ வேகமா புரட்டாதீங்க, வார்த்தை இல்லங்கறதால பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம், முடிச்சா ஒண்ணும் நிக்காது. ஒவ்வொரு பக்கத்துலயும் எங்க வெளிச்சம் இருக்கு, அது எங்க இருந்து வருதுன்னு மட்டும் பாத்துக்கிட்டே போங்க, ஆரம்பத்துல இருக்குற வெளிச்சத்துக்கும் குண்டு வந்தப்புறம் இருக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் தானா புரியும். ரெண்டாவது தடவ கோடுகளைப் பாருங்க. புத்தகத்துல பலாத்கார முயற்சி, கொலை, சாவு எல்லாம் இருக்கு, அதனால படப் புத்தகம்தானேன்னு சின்னப் பிள்ளைங்க கையில கொடுத்துடாதீங்க, பெரிய பிள்ளைங்களா இருந்தா பக்கத்துல உக்காந்து பாருங்க, அவங்க கேக்குற மொதல் கேள்வி அநேகமா அந்தத் தீவு எங்க இருக்குங்கறதாத்தான் இருக்கும், உலக வரைபடத்துல மார்ஷல் தீவுகளை எடுத்துக் காட்டுங்க.